கெட்டித் தண்ணீரும் நீல விளக்கும்

கவிதா, பிரபு, உங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் என்னால் ஒரு தலைக்குனிவு நேர்ந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்பா என்ன வேலை செய்கிறார் என்று மிஸ் கேட்டதற்கு, "கல்லுல இருந்து எண்ணெய் எடுக்கறாரு" என்று பிரபு எழுந்து நின்று சொன்னான். வகுப்பே சிரித்தது. மிஸ் நல்லவர். ஆஸ்டின் டவுனில் எந்தத் தெருவில் செக்கு வைத்திருக்கிறோம், கலப்படமில்லாத நல்லெண்ணெய் கிடைக்குமா என்று டைரியில் எழுதி அனுப்பினார். "எண்ணெய் வீட்டுக்கு வருவதில்லை, கல் தூசிதான் வருகிறது" என்று உங்கள் அம்மா பதில் எழுதினாள்.

நான் ஓய்வு பெற்று உட்கார்ந்த பிறகும் அந்த வேலை என்ன என்று உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கவிதா போன் பண்ணி, ஆபீசில் மேனேஜர் "டெமோவுக்கு ஓடினா போதும், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார் என்று குமுறினாள். "உங்க காலத்துல இப்டியெல்லாம் இருந்திருக்காது, இல்லப்பா?" என்றாள். அப்புறம் பேசலாம் என்று போனை வைத்துவிட்டேன். பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மை சொல்ல போன் போதாது. அதனால் எழுதுகிறேன்.

பெங்களூருக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. தண்ணீரே கிடையாது என்று டேங்கர்காரர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் பாலைவனத்தில் இருக்கிற எண்ணெய்க்கான ஆராய்ச்சி வைட்ஃபீல்டில்தான் நடந்தது. காரணம் கேட்டால் "டேலன்ட்" என்பார்கள். எனக்குத் தெரிந்த காரணம், பாலைவனத்தில் ஃபில்டர் காபி கிடைக்காது.

பூமிக்கு அடியில் எண்ணெய் குளம் மாதிரி நிற்கிறது என்று நினைக்காதீர்கள். பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளைகள் இருக்கும். அவற்றில் ஊறிக் கிடக்கும். முதலில் தானாக மேலே வரும். அது ஓய்ந்ததும் ஒரு கிணற்றில் தண்ணீரை அழுத்தி இறக்கி, பக்கத்துக் கிணற்றில் எண்ணெயைத் தள்ளி எடுப்பார்கள். சில வருஷம் போனால் இறக்கிய தண்ணீரே மேலே வரும். எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை, பாதிக்குப் பாதி உள்ளேயே இருக்கும். தண்ணீர் நம் ஊர் ஸ்கூட்டர்காரன் மாதிரி. மாரத்தஹள்ளியில் பஸ்ஸைச் சுற்றி, ஃபுட்பாத்தில் ஏறி, சந்து கண்ட இடத்தில் நுழைந்து அவன் மட்டும் போய்ச் சேர்ந்துவிடுவான். பஸ் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த பஸ்தான் எண்ணெய்.

இதற்கு வைத்தியம், தண்ணீரைக் கெட்டியாக்குவது. பாலிமர் என்று சர்க்கரை மாதிரி ஒரு வெள்ளைப் பொடி. அதைக் கரைத்தால் தண்ணீர் கொழகொழவென்று ஆகும். அப்புறம் அது ஸ்கூட்டர் இல்லை, அல்சூர் கோயில் தேர். தெருவை அடைத்துக்கொண்டு வரும், அவசரப்படாது. முன்னால் நிற்கிற பஸ், ஆட்டோ, இட்லி வண்டி எல்லாம் முன்னால் நகர்ந்தே தீரவேண்டும்.

நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த வாரமே பாலிமரைத் தரையில் சிந்தினேன். சிந்தினால் என்ன செய்வோம், தண்ணீர் ஊற்றித் துடைப்போம். ஊற்றினேன். அரை டம்ளர் வழவழப்பு அறை முழுக்கப் பரவியது. அன்று அந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லாரும் பதவி வித்தியாசம் இல்லாமல் உட்கார்ந்தார்கள். என் பயிற்சி அத்தோடு முடிந்தது. மீதியைக் கற்றுக்கொடுத்தது ஷாரதா மேடம்.

மேடத்துக்கு ஊர் தார்வாட். டாக்டர் பட்டம் வாங்கியவர். என்னோடு பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது, நடுவில் கன்னடமும் எட்டிப் பார்க்கும். உப்பிலும் சூட்டிலும் கெடாத ஒரு பாலிமரை வருஷக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து அவர் உருவாக்கி வைத்திருந்தார். ஆனால் அவர் பதவி கான்ட்ராக்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் நீட்டுவார்கள்.

அவரிடம் பாலிமர் கரைப்பது ஒரு தனி வேலை. ஸ்டிரர் என்கிற கலக்கியைச் சுழலவிட்டால் தண்ணீரின் நடுவில் குழி விழும். பொடியைக் குழிக்குள் போடக்கூடாது, ஓரத்திலும் போடக்கூடாது. குழியின் தோள்பட்டையில், கோலப்பொடி மாதிரி விரல் இடுக்கில் சிறுகச் சிறுகத் தூவவேண்டும். கொட்டிவிட்டால் வெளியே வெந்து உள்ளே மாவாக உருண்டைகள் நிற்கும். அதற்கு எங்கள் பாஷையில் மீன்கண். தூவி முடித்ததும் வேகத்தைக் குறைத்து, ஒரு ராத்திரி முழுக்க ஊறவிடவேண்டும். பாலிமர் என்பது நீள நீளமான நூல். வேகமாகக் கலக்கினால் நூல் அறுந்துவிடும். அறுந்த நூலை ஒட்டவைக்க யாராலும் முடியாது. பார்க்க அப்படியே இருக்கும், இன்னும் பளிச்சென்று கூட இருக்கும். ஆனால் அது வெறும் தண்ணீர்.

"நிதானா, செல்வராஜ், நிதானா" என்பார் மேடம். கன்னடத்திலும் நிதானம் நிதானம்தான். அவரே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்: வேகமாகக் கலக்காதே.

காலையில் வந்ததும் விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்ப்பார். இழைந்தால் சரி. மெஷினில் அளப்பதெல்லாம் அதற்கப்புறம். எங்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. அம்மா ரசம் வைத்தால்கூட நான் விரலைத் தேய்த்துப் பார்த்துத் திட்டு வாங்கியது உங்களுக்குத் தெரியும்.

இனி டைரக்டர் சுதர்சன் சார். நல்ல உயரம். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கார் சாவியை ஆள்காட்டி விரலில் சுழற்றிக்கொண்டே நடப்பார். லேப்புக்குள் வந்ததும் மாட்டியிருக்கிற பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து அணிந்துகொள்வார், கண்ணில் அல்ல, நெற்றிக்கு மேலே. அதோடு ஒரு போட்டோ எடுக்கச் சொல்வார். யாராவது விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் ஒரு விரலைத் தூக்குவார். நாம் நிறுத்துவோம். அவர் போனைப் பார்ப்பார். விரல் இறங்கும்போது நாம் சொல்லவந்தது நமக்கே மறந்திருக்கும். அவருக்குப் பிடித்த வார்த்தை விசிபிலிட்டி. கண்ணில் படாத வேலை அவர் கணக்கில் வேலையே இல்லை.

பாவம், எங்கள் சோதனையில் பார்க்க எதுவுமே கிடையாது. கிணற்றின் ஆழத்திலிருந்து எடுத்த பாறைத் துண்டு, பெருவிரல் தடிமன்தான். அதை எஃகுக் குழலுக்குள் வைத்து இறுக்கிவிடுவோம். முதலில் உப்புத் தண்ணீர், அப்புறம் எண்ணெய், அப்புறம் மறுபடி தண்ணீர் என்று உள்ளே விடுவோம். கடைசியில் தண்ணீர் மட்டும் சொட்டும் நிலை வரும். அங்கேதான் பாலிமரை விடவேண்டும், மெதுவாக. காத்திருக்கவேண்டும். வெறும் தண்ணீர் சொட்டிய கண்ணாடிக் குழாயில் திடீரென்று மறுபடியும் கறுப்பாக எண்ணெய் வரவேண்டும். அவ்வளவுதான். நடுவில் நடப்பதெல்லாம் எஃகுக்குள்ளே.

பாலைவனத்து எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று தெரிந்ததும் டைரக்டர் எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"ஷாரதா, கெஸ்ட் கண் முன்னாடி ஆயில் வரணும். வந்தா நீங்க பர்மனென்ட், இந்த செக்‌ஷனும் இருக்கும். வரலேன்னா ரெண்டும் இல்ல. சிம்பிள்."

"கல்லு ஒண்ணுதான் சார் பாக்கி இருக்கு. அவங்க கிணத்துக் கல்லு. ஒரு தடவதான் யூஸ் பண்ண முடியும்" என்றார் மேடம்.

"ஒரு தடவ போதுமே. கெஸ்ட்டும் ஒரு தடவதானே வராங்க."

மேடம் சரி என்றார். புதன்கிழமை பெரிய டேங்கில் பாலிமர் தூவினோம். வியாழக்கிழமை காலையில் விரலில் இழை இழையாக நின்றது. மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் அடிக்கடி நடப்பதில்லை.

அன்று டைரக்டர் வந்து எஃகுக் குழலைச் சாவியால் தட்டினார். "இதுல என்ன தெரியுது? விசிபிலிட்டி எங்க?" அடுத்து மெயின்டெனன்ஸ் நயீம் பாயைக் கூப்பிட்டார். நயீமுக்குக் கை வராத வேலை கிடையாது. ஒரு மணி நேரத்தில் திட்டம் தயார். எண்ணெய்க் கிணற்றுக் கோபுரம் மாதிரி கண்ணாடிக் குழாய்கள், அதற்குள் பாலிமர் மேலே ஏறி வளைந்து கீழே இறங்கும், அடியில் நீல விளக்கு.

"சார், அதுல வெறும் தண்ணி ஓடட்டும். யாருக்குத் தெரியப்போவுது" என்றார் மேடம்.

டைரக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "சீட்டிங் பண்ணச் சொல்றீங்களா? அசல் பாலிமர்தான் ஓடணும். இதே டேங்க்ல இருந்து எடுத்து, இதே டேங்க்ல திரும்ப விடணும். நேர்மைன்னு ஒண்ணு இருக்கு." பேசிவிட்டு, நாற்பது ஸ்லைடு வேண்டும், எல்லாம் கலரில் வேண்டும் என்று மேடத்தைத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார். மீட்டிங்கில் போனை அணைத்துவைக்கவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

எஸ்.பி. ரோட்டிலிருந்து நீச்சல் குளத்துப் பம்ப் ஒன்றை நயீம் ஆட்டோவில் கொண்டுவந்தார்.

"இன்னா பாய், இவ்ளோ பெருசு?" என்றேன்.

"அரே செல்வா, சின்னது வெச்சா குழாய்ல ஏறாது. ஏறலேன்னா சார் என் தலைல ஏறுவாரு."

ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் சீறிக்கொண்டு மேலே ஏறியது. நீல வெளிச்சத்தில் நிஜமாகவே அழகாக இருந்தது. ஒரு மீன்கண்கூட இல்லை. டைரக்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். "பம்ப் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு சார், மேடத்த ஒரு வார்த்த கேட்டுடலாமா?" என்றேன். "செல்வராஜ், பாசிட்டிவா இருங்க. கெஸ்ட் வர வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றார்.

சுவரில் என்ன எழுதியிருந்தது? வேகமாகக் கலக்காதே. எங்களில் ஒருவர்கூடக் கலக்கவில்லை. ஸ்டிரர் பக்கமே போகவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. லேப்பில் இத்தனை பேர், எழுதியிருந்ததை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் மேடம் கையில் ஸ்லைடு கட்டோடு வந்தார். கோபுரத்தைப் பார்த்தார். பம்பைப் பார்த்தார். பையைக் கீழே வைக்காமலேயே டேங்கில் விரலை விட்டுத் தேய்த்தார். மறுபடி விட்டுத் தேய்த்தார். விரலை என் பக்கம் நீட்டினார். நானும் தொட்டுப் பார்த்தேன். காவேரித் தண்ணீருக்கு இதைவிடக் கெட்டி ஜாஸ்தி.

"எல்லா நூலும் போச்சு" என்றார்.

நயீமுக்கு முகம் செத்துவிட்டது. "மேடம், அல்லா மேல சத்தியமா, கலக்கவே இல்ல மேடம்."

"பம்ப் உள்ளாற ரெக்கை சுத்துதில்ல பாய்? மிக்ஸில போட்டு அரைச்ச மாதிரிதான்."

டைரக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டு ஒரு விரலைத் தூக்கினார். இந்தத் தடவை போனைப் பார்க்கவில்லை.

"இன்னும் ரெண்டு பாக்கெட் பவுடர் போடுங்க."

"ராத்திரி பூரா ஊறணும் சார். இப்ப போட்டா மீன்கண்ணுதான். கல்லோட வாயே அடைஞ்சுடும்."

"வேற ஏதாவது கெட்டியா? ஸ்டார்ச்?"

"சப்பக்கிக் கஞ்சி காச்சட்டுமா சார்?" என்றார் நயீம். ஜவ்வரிசிக் கஞ்சியைத்தான் சொன்னார், அதுவும் பயத்தில். டைரக்டர் ஒரு நிமிஷம் யோசித்ததை நான் பார்த்தேன்.

"அப்ப இருக்கறதையே விடுங்க. கெஸ்ட் கேட்டுக்கு வந்தாச்சு."

"இதை விட்டா எண்ணெய் வராது. கல்லும் வீணாப் போகும். அப்புறம் இந்தப் பாலிமர் நல்லதா கெட்டதான்னு யாருக்குமே தெரியாது சார்."

"செல்வராஜ், வால்வைத் திறங்க."

நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அந்த வால்வைத் திறக்க ஒரு ஸ்பேனர் வேண்டும், வழக்கமாக ஆணியில் தொங்கும். ஆணி காலியாக இருந்தது. மேடம் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நின்றிருந்தார். பை இழுத்துக்கொண்டு தொங்கியது.

"ஸ்பேனர் காணோம் சார்" என்றேன்.

"ஷாரதா, இது உங்க பர்மனென்ட் வேலை. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றார் மேடம். கையை வெளியே எடுக்கவில்லை.

அதற்குள் விருந்தாளிகள் உள்ளே வந்துவிட்டார்கள். டைரக்டரின் முகம் ஸ்விட்ச் போட்டமாதிரி மலர்ந்தது. நேராகக் கோபுரத்திடம் அழைத்துப்போனார். அடுத்து நடந்ததை நீங்கள் நம்பவேண்டும். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அறுந்த பாலிமர் நீல வெளிச்சத்தில் ஏறி இறங்குவதை நின்று வீடியோ எடுத்தார்கள். ஒருவர் தன் மகளுக்கு லைவாகவே காட்டினார். எஃகுக் குழலில் சொட்டிக்கொண்டிருந்த வெறும் தண்ணீரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெய் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரே ஒருவர் மட்டும் பின்தங்கினார். எண்ணெய் வயலின் சீஃப் இன்ஜினியர் சௌத்ரி, வெயிலில் காய்ந்த முகம். கோபுரத்தின் தொட்டியில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "எந்தப் பம்ப்?" என்று இந்தியில் என்னிடம் கேட்டார். நான் சொல்லவில்லை, பம்பைக் காட்டினேன். அவர் மேடத்தைப் பார்த்தார்.

"வெட்டிப் போட்டுடுச்சு சார். இப்ப இது தண்ணி. நல்லது நாளைக்குத்தான் ரெடியாகும்" என்று மேடம் இந்தியிலேயே சொன்னார். டைரக்டர் காதில் விழுகிற தூரத்தில்தான் சொன்னார்.

"என்ன வருதோ எனக்கு அனுப்புங்க" என்றார் சௌத்ரி. "வரலேன்னாலும் அனுப்புங்க."

மசால் தோசை சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ஃப்ளைட்டுக்கு எல்லாரும் கிளம்பினார்கள். போகிற வழியிலேயே ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்களாம். டைரக்டர் நயீமைக் கட்டிப்பிடித்தார். நயீம் அழுகிற மாதிரி இருந்தார்.

அன்று சாயங்காலமே புதிதாகத் தூவினோம். நானும் மேடமும்தான். நயீம் ஸ்டிரருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அது வேகமெடுக்காமல் காவல் உட்கார்ந்தார். மறுநாள் மேடம் கோட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். வால்வைத் திறந்தேன். சனிக்கிழமை முழுக்கத் தண்ணீர்தான் சொட்டியது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தோம். கவிதா, உன் பிறந்தநாளுக்கு அப்பா வராமல் போனது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். மத்தியானம் தயிர் சாதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மேடம் சத்தம் போட்டார்.

"நோடி! செல்வராஜ், நோடி!"

பார்த்தேன். கண்ணாடிக் குழாயில், தண்ணீர்ச் சொட்டின் நடுவில், மிளகளவு கறுப்பு. அடுத்த சொட்டில் கொஞ்சம் பெரிதாக. அப்புறம் சொட்டெல்லாம் கறுப்பு. தேர் தெருமுனைக்கு வந்துவிட்டது. நயீம் இரண்டு கையையும் ஏந்தி ஏதோ முணுமுணுத்தார். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தயிர் சாதத்துல கொஞ்சம் குடுங்க" என்றார்.

திங்கட்கிழமை டைரக்டரிடம் காட்டினோம். "வெரி நைஸ்" என்றார். "ஆனா கெஸ்ட் பாக்கலையே." நிபந்தனை அப்படித்தானே? கண் முன்னால் வரவேண்டும். கண் போன பிறகு வந்தது. செக்‌ஷன் பிழைத்தது, கோபுரம் புண்ணியத்தில். மேடத்தின் கான்ட்ராக்டை அந்தத் தடவை நீட்டவில்லை. நோக்கம் நிறைவேறிவிட்டதால் தேவை இல்லை என்று எழுதியிருந்தார்கள். கோபுரத்தை வரவேற்பறைக்கு மாற்றி, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைப் பர்மனென்டாகப் போட்டார்கள்.

மேடம் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போகும்போது சுவரில் இருந்த காகிதத்தில், "கலக்காதே" என்பதற்குக் கீழே "பம்பும் கலக்கல்தான்" என்று பேனாவால் சேர்த்துவிட்டுப் போனார். அப்புறம், மேடம் அனுப்பிய ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, சௌத்ரி அவரை எண்ணெய் வயலுக்கே கூப்பிட்டுக்கொண்டார். அங்கே நிஜக் கிணற்றில் அவருடைய பாலிமர் போகிறது, ரெக்கையில்லாத பம்பில், நிதானமாக. தீபாவளிக்கு ஒரு பாட்டில் கறுப்பு எண்ணெயைப் பிடித்துக்கொண்டு போட்டோ அனுப்புவார். நீங்கள் "யாருப்பா இந்தக் காபிக்காரம்மா?" என்று கேட்டீர்களே, அவர்தான்.

நான் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவைக் கோபுரத்துக்குப் பக்கத்தில்தான் வைத்தார்கள். சால்வை போட்டு, "நம்ம அடையாளமான இந்தக் கோபுரத்துக்குப் பின்னாடி இருந்த மனுஷன்" என்று புது டைரக்டர் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நயீம் மட்டும் என் கண்ணைப் பார்க்காமல் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிதா, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். எங்கள் காலத்திலும் டெமோ ஓடியது. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு நின்றவரும் இருந்தார். அவருக்கு வேலை போனது. எண்ணெய் வந்தது. நீ என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

அன்று வழியனுப்பு விழா முடிந்ததும் எல்லாரும் சாப்பிட கேன்டீனுக்குப் போனார்கள். நான் டெஸ்க்கைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினேன். கோபுரத் தொட்டியில் விரலை விட்டுத் தேய்த்தேன். எப்போதோ பாலிமர் தீர்ந்து, ஃபில்டர் தண்ணீரை ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே லேப்புக்குப் போய், காலையில் ஊறி முடிந்திருந்த பாலிமர்க் குடுவை ஒன்றை எடுத்துவந்து, சத்தமில்லாமல் தொட்டியில் ஊற்றினேன். பம்பின் வேகத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன். குழாயில் நீல வெளிச்சம் தயங்கித் தயங்கி, கனத்து, இழையாக மேலே ஏறியது. சாயங்காலத்துக்குள் ரெக்கை எல்லாவற்றையும் அறுத்துவிடும், தெரியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கை கழுவப் போனேன். சோப்பு போட்டுக் கழுவினேன். வழவழப்பு லேசில் போகவில்லை, சோற்றில் கை வைக்கிறவரை விரலிலேயே இருந்தது.